தடிப்பு, நெருக்கம், சாய்வு: தமிழ்த் தலைப்பெழுத்து கெட்டுப்போனால் எங்கே பார்ப்பது

பெங்களூருவின் அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் டிசைன் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கோரிக்கை பழக்கமானது: "நல்லா தடியா, ஒல்லியா, கொஞ்சம் சாய்ச்சு, ஓடுற மாதிரி வேணும் அண்ணா." கௌதமபுரத்துக் கால்பந்து அணிக்கு ஜெர்சி, ஆடி மாதக் கூழ் ஊற்றும் விழாவுக்குப் பேனர், புதுக் கடைக்குப் பெயர்ப் பலகை என்று வேலை எதுவானாலும், கைப்பேசியில் காட்டும் மாதிரி ஓர் ஆங்கில விளையாட்டுப் போஸ்டராகத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் இது எளிது. பார்லோ கண்டென்ஸ்டு போன்ற இலவச எழுத்துருக் குடும்பத்திலேயே ஒன்பது தடிமனும், ஒவ்வொன்றுக்கும் முறையாக வரைந்த சாய்வெழுத்தும் உண்டு. தமிழில் தடிப்பும் நெருக்கமும் சேர்ந்து கிடைக்கின்றன. அவற்றோடு சாய்வும் சேர்ந்த எழுத்துரு சுலபமாகக் கைக்கு வருவதில்லை. இல்லாததை மென்பொருள் தானாகப் போட்டுக் கொடுக்கிறது, அங்கேதான் கோளாறு ஆரம்பிக்கிறது. அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: தடிப்பு, நெருக்கம், சாய்வு, இந்த மூன்றில் எது போலி? மூன்றில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால் என் ஓட்டு சாய்வுக்கு எதிராகத்தான். அடுத்தது நெருக்கம். தடிப்பைக் கடைசிவரை காப்பாற்றலாம்.

## எழுத்துக்குப் பதில் பெட்டி பெட்டியாக வருகிறது, அல்லது சம்பந்தமில்லாத மெல்லிய எழுத்து வருகிறது

முதல் காரணம், அந்த எழுத்துருவில் தமிழே இல்லை. வாடிக்கையாளர் அனுப்பிய போஸ்டர் எழுத்துருக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கு மட்டுமானவை. சில மென்பொருள்கள் பெட்டி காட்டும். சில சத்தமில்லாமல் விண்டோஸின் நிர்மலா அல்லது லதாவைப் போட்டுவிடும். ஆங்கிலம் தடியாகவும் தமிழ் சாதாரணமாகவும் தெரிந்தால் நடந்திருப்பது இதுதான். விண்டோஸின் கேரக்டர் மேப்பைத் திறந்து அந்த எழுத்துருவில் 'அ' இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதோடு போராட வேண்டாம்.

'அ' இருந்தும் மென்பொருளின் பட்டியலில் எழுத்துரு வரவில்லையா? விண்டோஸ் 10-ன் 2018 பதிப்பிலிருந்து சாதாரணமாக நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் நிறுவப்படும். சில பழைய மென்பொருள்களுக்கு அது தெரியாது. எழுத்துருக் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து, எல்லாப் பயனர்களுக்கும் நிறுவும் தேர்வைக் கொடுங்கள். மென்பொருளை மூடித் திறங்கள்.

மாற்று வேண்டுமா? மும்பையின் ஏக் டைப் வெளியிட்ட அனேக் தமிழ் இந்த வேலைக்கு நான் முதலில் கைவைப்பது. 2022-ல் வந்தது, இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தடிமன் 100 முதல் 800 வரை, அகலம் (சாதாரண அகலம் 100 என்று வைத்தால்) 75 முதல் 125 வரை நகரும். அதே குடும்பத்தில் கன்னடமும் ஆங்கிலமும் உண்டு. இந்த ஊரில் இது பெரிய வசதி. நோட்டோ சான்ஸ் தமிழ் இன்னும் ஒல்லியாகப் போகும், 62.5 வரை. ஆனால் அதன் முகம் கொஞ்சம் அலுவலகச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும்.

## தமிழ் வரவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடக்கிறது

பாமினி, வானவில், ஸ்ரீலிபி மாதிரியான பழைய முறையில் தட்டிய உரை இது. இன்றைய பொது முறையான யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் குப்பையாகத் தெரியும். கன்னடத்தில் பழைய நுடி எழுத்துருவில் தட்டியதற்கும் இதே கதைதான். ஒரே பலகையில் இரண்டு மொழியும் இப்படி வந்தால் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

அனுப்பியவரிடம் எந்த எழுத்துருவில் தட்டினார் என்று கேளுங்கள். பெயர் தெரிந்தால் இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் ஒட்டி யூனிகோடாக்கலாம். மாற்றியபின் ஸ்ரீ, கௌ, மேற்கோள் குறி, தொலைபேசி எண் ஆகிய நான்கையும் கண்ணால் சரிபாருங்கள். பெயர் தெரியவில்லை என்றால், தலைப்பில் நான்கு சொல்தானே, தேடிக்கொண்டிருக்காமல் நீங்களே புதிதாகத் தட்டிவிடுவது வேகம்.

## கொம்பு இடம் மாறி நிற்கிறது, எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளாலான வட்டம் தெரிகிறது

'கெ' என்று தட்டினால் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'கோ' மூன்று துண்டாகச் சிதறுகிறது. எழுத்துருவில் குறையில்லை, மென்பொருளின் அமைப்பில்தான்.

இல்லஸ்ட்ரேட்டரில் பிரிஃபரன்ஸஸ், அதில் டைப், அங்கே இண்டிக் ஆப்ஷன்களைக் காட்டும் கட்டத்தை டிக் செய்யுங்கள். பிறகு பத்தி பேனலின் மெனுவில் தெற்காசிய மொழிகளுக்கான கம்போசரை (எழுத்துகளைச் சேர்த்து வரியில் அடுக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். இன்டிசைனில் பத்தி பேனல் மெனுவில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர். ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் டைப் பிரிஃபரன்ஸில் டெக்ஸ்ட் எஞ்சினை மாற்றி, புதிய கோப்பில் தட்ட வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் மாற்றம் தெரியாமல் போகலாம்.

கோரல்டிராவில் எக்ஸ்6-க்கு முந்தைய பதிப்பா? அதில் யூனிகோடு தமிழ் உருப்படியாக வராது. அச்சுக்கடைகளில் இன்னும் கோரல் 12-ம் எக்ஸ்3-ம் ஓடிக்கொண்டிருப்பது இந்த ஊரின் நிஜம். புதிய பதிப்பில் அமைத்து, கர்வ்ஸாக (தட்டச்சு உரையாக இல்லாமல் வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, அதன் பிறகு பழைய பதிப்புக்குச் சேமித்துக் கொடுங்கள்.

அமைப்பு எல்லாம் சரியாக இருந்தும் ஓரிடத்தில் மட்டும் உடைந்தால் தட்டச்சைச் சந்தேகியுங்கள். 'கௌ'வின் வால் குறிக்குப் பதிலாக ள என்ற எழுத்தையே போட்டிருப்பார்கள். துணைக்காலுக்குப் பதில் ர இருக்கும். மெல்லிய எழுத்தில் கண்ணில் படாமல் போனது, தடித்த எழுத்தில் பல்லிளிக்கும். எழுத்து இடைவெளியை மிகவும் கூட்டியிருந்தாலும் கொம்பும் காலும் உயிர்மெய்யை விட்டு விலகும். அதைப் பூஜ்யமாக்கிப் பாருங்கள்.

## சுழிகள் அடைந்து, எழுத்து கரிக்கட்டியாகத் தெரிகிறது

மூன்று சுழி ண-வும் இரண்டு சுழி ன-வும் ஒன்றுபோல் தெரிய ஆரம்பித்தால் எச்சரிக்கை. கே-யின் கொம்புச் சுழி அடைந்தால் 'கோடி' தூரத்திலிருந்து 'கொடி' ஆகிவிடும். திருமணப் பேனரில் மணமகள் பெயரை இப்படிக் கெடுத்துவிட்டுச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

செலவில்லாத காரணத்திலிருந்து போவோம். ஒரே ஒரு தடிமன் உள்ள எழுத்துருவில் 'பி' பொத்தானை அழுத்தினால் மென்பொருள் எல்லாப் பக்கமும் வீங்கவைக்கும். உள்ளே இருக்கும் சுழி சுருங்கும். ஃபோட்டோஷாப்பின் கேரக்டர் பேனலில் தடித்த 'டி' ஐகான் அழுந்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். ஸ்டைல் பட்டியலில் போல்டு, எக்ஸ்ட்ராபோல்டு என்று தனியாக இருந்தால் மட்டுமே அது உண்மையான தடிப்பு.

அடுத்தது அவுட்லைன். தடிப்பு போதவில்லை என்று எழுத்தின் நிறத்திலேயே கோடு கொடுப்பது, அதன்மேல் வெள்ளைக் கோடு, அதன்மேல் கறுப்பு. நம் ஊர் பேனரின் அடையாளமே இதுதான். கோடு எழுத்தின் விளிம்பில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் விழுவதால் சுழியைத் தின்கிறது. கோரலில் அவுட்லைன் பென்னில் 'பிஹைண்ட் ஃபில்' டிக் செய்தால் கோடு எழுத்துக்குப் பின்னால் போகும், எழுத்தின் உடம்பு பிழைக்கும். சுழியின் உள்பக்கம் அப்போதும் குறையும் என்பதால் கோட்டின் தடிமனில் கஞ்சத்தனம் நல்லது.

இதற்கும் சரியாகவில்லை என்றால் ஒரு படி மெலிந்த தடிமனுக்கு இறங்குங்கள், 800-லிருந்து 700. அருகில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, தூரத்தில் சுழி திறந்திருக்கும்.

கடைசியாக அச்சு. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் கடிந்துகொண்ட பிறகு பொது இடங்களில் ஃபிளெக்ஸுக்கு மாநகராட்சி கெடுபிடி காட்டவே, துணியில் அச்சடிக்கும் வேலைகளும் வருகின்றன. துணியில் மை பரவும். ஃபிளெக்ஸில் திறந்திருந்த சுழி துணியில் மூடலாம். பெரிய வேலைக்கு முன் ஒரு சொல்லை மட்டும் அதே துணியில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். மாதிரியிலும் அடைத்தால் அது டிசைன் மேசையில் தீராது, அச்சுக்காரர் மையின் அளவைக் குறைக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று. பத்து அடி அகல பேனரை ஏ4 தாளில் படுக்கைவாக்கில் நிரப்பி அச்சடித்தால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதைச் சுவரில் ஒட்டி ஒரு மீட்டர் தள்ளி நின்றால், உண்மைப் பேனரைப் பத்து மீட்டரில் பார்ப்பதற்குச் சமம். சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கப்போகும் பலகை என்றால் இன்னும் இரண்டு எட்டு பின்னால் போங்கள்.

## நிற்கும் கோடு மெலிந்து, படுத்த கோடு தடித்து, எழுத்து நசுங்கித் தெரிகிறது

யாரோ கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் அழுத்தியிருக்கிறார்கள். ட, ப, ம மாதிரி நேர்கோட்டு எழுத்துகளில் உடனே தெரியும். கேரக்டர் பேனலில் ஹரிசாண்டல் ஸ்கேல் 100 தானா என்று பாருங்கள். 90-க்கு மேல் இருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். 85-க்குக் கீழே போனால் தொடாமல் விடமாட்டேன்.

சரிசெய்ய, ஸ்கேலை 100-க்குக் கொண்டுவந்து உண்மையிலேயே நெருக்கமாக வரைந்த வடிவத்துக்கு மாறுங்கள். அனேக் தமிழின் கண்டென்ஸ்டு கோப்புகள் தரவிறக்கத்தில் 'ஸ்டேடிக்' என்ற உறையில் தனித்தனியாக இருக்கும். எல்லாத் தடிமனும் அகலமும் ஒரே கோப்பில் இருக்கும் வேரியபிள் எழுத்துருவைக் கையாளத் தெரியாத பழைய கோரலுக்கு அவைதான் சரி.

அப்படியும் இடம் போதவில்லையா? பெங்களூருவில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. 2024-ல் திருத்திய சட்டப்படி கடைப் பெயர்ப் பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும். மிச்சம் 40-ல் தமிழும் ஆங்கிலமும் பங்குபோட வேண்டும். தமிழ் நசுங்குவது பெரும்பாலும் இங்கேதான். எழுத்தை அழுத்துவதற்கு முன் சொல்லைக் குறையுங்கள். 'ஸ்ரீ', 'அண்டு கோ', 'உரிமையாளர்' எல்லாம் தமிழ் வரியில் தேவையா? பெயரை மட்டும் தமிழில் வைத்து, தொழில் விவரத்தைக் கன்னடத்துக்கு விட்டால் பாதிப் பிரச்சினை போய்விடும். விகிதத்தில் சந்தேகம் இருந்தால் அச்சடிக்கும் முன் வணிக உரிமம் தரும் அலுவலகத்தில் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள். பலகை மாட்டிய பிறகு கழற்றுவது இரட்டைச் செலவு.

## புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் உட்கார்ந்திருக்கிறது

அதிகம் வரும் புகார் இது. முழுக்க முழுக்கப் போலிச் சாய்வின் வேலை.

சாய்க்கும்போது அடிக்கோடு அசையாது, உயரம் போகப்போக எழுத்து வலப்பக்கம் நகரும். 10 செ.மீ. உயரத்தில் இருக்கும் புள்ளி 12 டிகிரி சாய்வில் 2 செ.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாக நகரும். ஆங்கிலத்தில் எழுத்துக்கு மேலே மிதப்பவை சிறிய ஐ, ஜே புள்ளிகள் மட்டும். தமிழில் ஒவ்வொரு மெய்க்கும் மேலே புள்ளி, இகரத்துக்கும் ஈகாரத்துக்கும் மேல்விலங்கு, அதாவது தலையில் வளையும் குறி. எழுத்தையும் நெருக்கியிருந்தால் நகர்வு அதேதான், ஆனால் கீழே இருக்கும் உடம்பு ஒல்லி. புள்ளிக்கு உட்கார இடமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். ர் மாதிரி ஏற்கெனவே ஒல்லியான எழுத்துக்கு இந்த ஆபத்து மிக அதிகம்.

'கார்த்திக்' என்ற பெயரை ஜெர்சியில் போட்டுப் பாருங்கள். ர்-இன் புள்ளி த்-ஐ நோக்கிப் போகிறது, த்-இன் புள்ளி தி-யின் விலங்கில் மோதுகிறது. 'கண்ணீர் அஞ்சலி' அதைவிட மோசம். ண் புள்ளி ணீ-யின் மேல் ஏறி, ணீ-யின் விலங்குச் சுழி ர் புள்ளியோடு ஒட்டிக்கொள்கிறது. (அஞ்சலிப் பேனரை எதற்குச் சாய்க்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட சண்டை. யாரும் ஓடவில்லையே.)

என்ன செய்யலாம்? முதலில் கேரக்டர் பேனலில் சாய்ந்த 'டி' ஐகானோ 'ஐ' பொத்தானோ அழுந்தியிருக்கிறதா பாருங்கள். எடுத்துவிடுங்கள். அதன் கோணம் உங்கள் கையில் இல்லை.

சாய்வு வேண்டியதுதான் என்றால் ஸ்கியூ கருவியில் நீங்களே கோணம் கொடுங்கள். 12-ஐ 6 ஆக்கினால் அதே புள்ளி ஒரு சென்டிமீட்டர்தான் நகரும். ஆறு முதல் எட்டு டிகிரியே தமிழுக்குப் போதுமான வேகத்தைக் காட்டும். பக்கத்தில் 12 டிகிரி ஆங்கில இத்தாலிக் இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் தெரியும். அங்கே ஆங்கிலத்தின் நேரெழுத்தை எடுத்து அதையும் ஆறுக்கே சாயுங்கள். ஆங்கில எழுத்துக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

இன்னும் இடித்தால் எழுத்து இடைவெளியை லேசாகக் கூட்டுங்கள். நெருக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதுதான் இது.

அதுவும் போதாதபோது கைவேலை. ஒரு பிரதியைத் திருத்தக்கூடிய உரையாக வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கர்வ்ஸாக்கிப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியையும் அதன் சொந்த எழுத்தின் நடுத்தலைக்கு இடப்பக்கமாகத் தள்ளுங்கள். மேலே கீழே நகர்த்த வேண்டாம், புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தால்தான் வரி ஒழுங்காகத் தெரியும். விலங்கைத் தனியாக நகர்த்தினால் உடம்போடு சேரும் இடம் உடையும். அதைத் தொடாதீர்கள், எதிரே வரும் புள்ளியை நகர்த்துங்கள்.

சாய்வாகவே வரைந்த தமிழ் எழுத்துரு இல்லையா என்று கேட்பார்கள். கவிவாணர் இருக்கிறது, ஒரே தடிமன், கையெழுத்துச் சாயல். அழைப்பிதழுக்கு அழகு, ஜெர்சிக்கு ஆகாது.

வாடிக்கையாளர் இந்தப் பெயரைச் சின்னமாக ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தப்போகிறார் என்றால் இங்கே நிறுத்திவிட்டு எழுத்து வரையும் ஓவியரிடமோ எழுத்துரு வடிவமைப்பாளரிடமோ போங்கள். ஏழெட்டு எழுத்தைச் சாய்வாகவே புதிதாக வரைவது அவர்களுக்குக் கைவந்த வேலை. முழு எழுத்துருவையும் செய்யச் சொல்ல வேண்டாம், பெயரை மட்டும் வரையச் சொல்லுங்கள். செலவில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம்.

## விலங்கின் தலையோ, டு, கூ-வின் அடியோ வெட்டுப்படுகிறது

உரைப்பெட்டியின் உயரம் போதவில்லை, அல்லது வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு வைத்ததாக இருக்கிறது. பெட்டியை இழுங்கள், இடைவெளியைக் கூட்டுங்கள். கன்னட வரி மேலே இருந்தால் அதன் ஒத்தக்ஷரம் (எழுத்துக்கு அடியில் வரும் கூட்டெழுத்து) கீழே தொங்கும், தமிழ் விலங்கு மேலே எழும். இரண்டும் சந்திக்கும் இடத்தைப் பார்த்து இடம் விடுங்கள். வீடியோ மென்பொருளில் இது வந்தால் அங்கே தட்டாமல் படமாக ஏற்றிவிடலாம்.

## திரையில் சரி, அச்சில் வேறு எழுத்து

கர்வ்ஸாக்காமல் அனுப்பியிருக்கிறீர்கள். அச்சுக்கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பிடிஎஃப்பை உங்கள் கைப்பேசியில் திறந்து பார்ப்பது நல்ல முன்சோதனை. அங்கே மாறினால் கடையிலும் மாறும்.

கர்வ்ஸாக்கிய பிறகு எழுத்தின் நடுவே கோடு கோடாகவோ வெள்ளை ஓட்டையாகவோ தெரிந்தால் காரணம் வேறு. வேரியபிள் எழுத்துருவில் ஓர் எழுத்தின் உறுப்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். காம்பைன் கொடுத்தால் ஏறிய இடம் ஓட்டையாகும். காம்பைனைப் பிரித்து, ஒவ்வோர் எழுத்தாக வெல்டு (உறுப்புகளை ஒரே வடிவமாக இணைப்பது) கொடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் யுனைட். சுழிகள் நிரம்பிவிடவில்லையா என்று அதன்பின் ஒருமுறை பாருங்கள்.

## வினைலில் வெட்டும்போது எழுத்து துண்டாகிறது, புள்ளி உரிந்து வருகிறது

ஜெர்சிக்காரர்களுக்கான பகுதி. நிறமில்லாமல் கோடுகளை மட்டும் காட்டும் வயர்ஃபிரேம் காட்சிக்குப் போங்கள். எழுத்தின் உள்ளே குறுக்கே கோடு தெரிந்தால் பிளேடு அதையும் வெட்டும், மேலே சொன்ன வெல்டுதான் மருந்து. சூடேற்றி ஒட்டும் வினைல் என்றால் கண்ணாடி பிம்பமாகத் திருப்பினீர்களா என்று பாருங்கள். திருப்பினால் சாய்வு இடப்பக்கம் தெரியும், அது சரியே, பயந்து மறுபடி திருப்பாதீர்கள்.

புள்ளி மட்டும் உரிகிறதா? பெயரின் அளவைக் கூட்டுங்கள், முடியாவிட்டால் புள்ளியை மட்டும் பெரிதாக்கி லேசாகச் சதுரமாக்குங்கள். வட்டத்தைவிடச் சதுரம் தடித்த எழுத்தோடு பொருந்தும். அதற்குப் பிறகும் ஓரங்கள் பிசிறடித்தால் பிளேடு மழுங்கியிருக்கும் அல்லது அழுத்தம் தவறியிருக்கும். அது கட்டிங் கடைக்காரரின் வேலை. கோப்போடு ஒரு ஜெர்சியையும் கொண்டுபோங்கள். பாலியஸ்டருக்குச் சூடு கூடினால் துணியின் சாயம் வெள்ளை எழுத்தில் ஏறிவிடும், துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் அவர் சூட்டை வைப்பார்.